ஊத்துத்திட்டின் கோணல் வேலி

போன மாதம் காரைக்குடியில் என் வீட்டைத் தேடிக்கொண்டு பழைய ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சப்-டிவிஷனுக்கு மாற்றலாகி வந்த உதவிப் பொறியாளர். அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கொண்டுவந்த வரைபடத்தை மேசையில் விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கு ஒன்றாக என் டம்ளர், கண்ணாடிக்கூடு, வெற்றிலைப் பெட்டி என்று அகப்பட்டதையெல்லாம் வைத்தார். பிறகு ஒரு கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இது நீங்க போட்டதா சார்?"

ஆமாம் என்றேன்.

"ஓவர்சியர் போட்ட கோட்டுல எறும்புகூட நேராத்தான் போகும்னு ஆபீசில இன்னமும் சொல்றாங்க. இது மட்டும் ஏன் சார், கள்ளுக்கடையில இருந்து கிளம்பினவன் மாதிரிப் போகுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து என் மனைவி சிரித்ததும் கேட்டது.

அந்தக் கோடு, கடலோரத்தில் ஊத்துத்திட்டு என்ற மீனவர் குடியிருப்பில், மணல்மேட்டின் குறுக்கே நாங்கள் போட்ட பனையோலை வேலி. வேலிக்கு நடுவே ஒரு நடைபாதை உண்டு. அந்தப் பாதையை நேராக்கி சிமெண்டு போடலாம் என்று ஒரு யோசனை அவர் மேசைக்கு வந்திருக்கிறது. கையெழுத்துப் போடுமுன், இந்தக் கோணல் தவறுதலா, இல்லை காரணத்தோடு செய்ததா என்று கேட்டுப்போக வந்திருந்தார். கேட்டுவிட்டுச் செய்கிறவர்கள் குறைவு. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அந்தக் கோணலை நம்பித்தான் ஒரு ஊரே தண்ணீர் குடிக்கிறது என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். ஆனால் வாயால் சொன்னபோது முன்னும் பின்னுமாகக் கலந்துவிட்டது. எனக்கு அது உறுத்தலாக இருந்தது. அதனால் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் மரவேலைக் குடும்பம். கீழச்சிவல்பட்டியில் சில பெரிய வீடுகளின் நிலைக்கதவுகள் என் அப்பா செய்தவை. நூல் பிடித்துக் கோடு போடாமல் அவர் உளியைத் தொட்டதில்லை. அந்தப் பழக்கத்தோடு நான் ஓவர்சியர் படிப்புப் படித்து அரசு வேலையில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் சாக்கோட்டைப் பக்கமும் நாட்டரசன்கோட்டைப் பக்கமும் கண்மாய் வேலை. கரையை உயர்த்துவது, மடையைப் பழுது பார்ப்பது, கண்மாய் நிரம்பி வழிகிற மறுகால் ஓடையைச் சுத்தம் செய்வது. கண்மாயில் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். போன வருடம் அளந்த கரை இந்த வருடமும் அங்கேயேதான் இருக்கும். அந்த நிம்மதியிலேயே பழகிப்போனவர்கள் நாங்கள்.

அப்போது எங்கள் உதவிப் பொறியாளராக இருந்த வேலாயுதம் சாரும் அப்படித்தான். இருபது வருடம் கண்மாய்களோடு குடித்தனம் நடத்தியவர். ஒவ்வொரு கண்மாயையும் உறவுக்காரப் பெண்ணைப் போலப் பேசுவார். "இவ பொறுமைசாலி. அந்தக் கிழக்குக் கண்மாய் இருக்காளே, அவ முன்கோபக்காரி, சொல்லாம கொள்ளாம உடைப்பெடுத்துக்குவா." மெலிந்த உடம்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை, கான்வாஸ் ஷூ. கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். ஆனால் எந்த வெயிலிலும் அதை விரிக்க மாட்டார். அது அவருக்குச் சுட்டிக்காட்டுகிற குச்சி.

யாராவது ஒரு இடத்தைப் பார்த்த உடனே "சார், இது இதனாலதான்" என்று ஆரம்பித்தால், "முதல்ல எழுதுங்க. அப்புறம் சொல்லுங்க" என்பார். கண்ணால் பார்த்ததை எழுது, நினைப்பதைப் பிறகு சொல் என்று அர்த்தம். தவறு கண்டுபிடித்தால் திட்ட மாட்டார். நாம் எழுதிய எண்ணை மெல்லிய குரலில் நமக்கே வாசித்துக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதற்கு நாங்கள் பயப்பட்டதுபோல வேறு எந்த அதிகாரியின் கூச்சலுக்கும் பயந்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் ஊத்துத்திட்டிலிருந்து ஒரு மனு வந்தது. கடலோரத்து ஆபீசில் அப்போது ஆள் இல்லை. அதனால் கண்மாய்க்காரர்களான எங்களிடம் வந்து சேர்ந்தது. ஜீப்பில் போய் உப்பங்கழிக் கரையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து அக்கரை ஏறினோம்.

அந்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும். நிலத்திலிருந்து தெற்கே நீட்டிய நாக்கைப் போல ஒரு மணல் நீட்டம். கிழக்கே கடல். மேற்கே ஆழமில்லாத உப்புக் கழி. நாக்கின் நுனியில் ஒரு காட்டாறு கடலோடு சேருகிறது. நாக்கின் நெடுக நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு மணல்மேடு. அதன்மேல் அடம்பங்கொடி படர்ந்து கிடக்கும். மேட்டின் மேற்குச் சரிவில் காற்றுக்கு மறைவாக நாற்பது வீடுகள். மேட்டின் அடியில் அகலமாக ஒரு பள்ளம் பறித்திருந்தார்கள். அதுதான் ஊத்து. பெண்கள் பள்ளத்தில் இறங்கிச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள்.

இரண்டு பக்கமும் உப்பு இருக்க நடுவில் நல்ல தண்ணீர் எப்படி என்று கேட்கலாம். மேட்டின்மேல் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. மேடு உயரமாக இருக்கும்வரை அந்தத் தண்ணீர் உண்டு. மேடு தாழ்ந்து ஒருமுறை கடல் உள்ளே வந்துவிட்டால் ஊத்து கெட்டுப்போகும். முந்தின வருடம் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடித்த காலத்தில் அதுதான் நடந்திருந்தது.

ஊத்தில் வரிசையைப் பார்த்துக்கொள்கிறவர் மாரியாயி என்ற அம்மாள். நாற்பது வயதிருக்கும். யார் முதலில், யார் பின்னால், யாருக்கு எத்தனை குடம் என்பதெல்லாம் அவர் சொல்தான். எங்களைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் செம்பு நிறைய மொண்டு வேலாயுதம் சாரிடம் நீட்டினார். சார் முகம் மாறாமல் குடித்து முடித்தார்.

"குடிச்சீகள்ல? இப்பச் சொல்லுங்க. இதுல பருப்பு வேகுமா?"

"வேகாது ஆத்தா."

"தெரியுதுல்ல. எங்க நாத்தனா குடும்பம் போன மாசமே தட்டுமுட்டைத் தூக்கிட்டு அக்கரை போயிருச்சு. நாங்க படகுல போயி அடுத்த ஊருக் கிணத்துல கெஞ்சிக் கூத்தாடி எடுத்தாந்து குடிக்கிறோம். இன்னொரு வாடை இப்பிடி வந்துச்சுன்னா இங்குட்டு ஒரு அடுப்பு எரியாது."

காரணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடல்பக்கம் கரையோரத்தில் குழி பறித்து, லாரி லாரியாகக் கிளிஞ்சல் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அதனால் மேடு சரிகிறது என்றார்கள். எனக்கு அங்கே நிற்கவே ஒரு மாதிரியாக இருந்தது. அந்த லாரிகள் என் மனைவியின் அண்ணன் ஆறுமுக மச்சானுடையவை. காரைக்குடி எல்லையில் அவருக்குச் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது.

திரும்பும்போது ஜீப்பில் இதைச் சாரிடம் சொன்னேன். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். அவர் குடையின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "எழுதுங்க" என்றார்.

"எதை சார்?"

"குழி எங்கெங்க இருக்கு, எவ்வளவு ஆழம்னு. யாரு மச்சான்னு எழுத நம்ம லெவல் புத்தகத்துல கட்டம் கிடையாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் ஆள் பெரியவர், குரல் அதைவிடப் பெரியது. "மாப்ளே, கடல்ல எவ்வளவு கிளிஞ்சல் இருக்குன்னு கடலுக்கே தெரியாது. நான் நாலு லாரி அள்ளினாத்தான் மேடு கரைஞ்சிருமாக்கும்?" என்று ஆரம்பித்து, எழுந்து போய் எங்கள் கூடத்தின் பளபளப்பான சுண்ணாம்புச் சுவரைத் தடவினார். "இந்தா, முகம் தெரியுதா இல்லையா? ஊரெல்லாம் ஆச்சிமாரு சுவரைப் பார்த்துத்தான் சீலைக் கொசுவம் திருத்துறாக. இதெல்லாம் எங்கிட்டிருந்து வந்துச்சு? அந்தக் கடற்கரையில இருந்துதான் வந்துச்சு." என் மனைவி காப்பியை வைத்துவிட்டு, அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றாள். நான் அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மச்சான் பாதிக் காப்பியை வைத்துவிட்டுப் போனார்.

அளப்பதிலேயே முதல் சிக்கல். கண்மாயில் மடையின் கல்தான் எங்களுக்கு அசையாத அடையாளம். எல்லா மட்டத்தையும் அதிலிருந்து கணக்கிடுவோம். இந்த நாக்கின்மேல் அசையாதது என்று ஒன்றும் இல்லை. நாங்கள் அடித்த முளைகளில் சில அடுத்த முறை மணலுக்குள் புதைந்திருந்தன, சில வேர் தெரிகிற பல்லைப்போல வெளியே நின்றன. சார் கடைசியில் கழிக்கு மேற்கே, அக்கரைச் சாலையில் ஒரு கல்பாலத்தின் மூலையை அடையாளமாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அங்கே ஆரம்பித்து, கழியைக் கடந்து மட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து, வேலை முடிந்ததும் திரும்ப அதே மூலையில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். லஸ்கர் என்கிற கடைநிலை ஊழியர் ஒருவர் இடுப்புத் தண்ணீரில் அளவுக்கோலை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். தொடங்கிய எண்ணும் முடிந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், சார் இரண்டையும் மெல்லிய குரலில் வாசிப்பார். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து.

வாடை முடிந்ததும் ஒருமுறை, மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் முடிந்ததும் ஒருமுறை, இப்படி இரண்டு வருடம் அளந்தோம். அந்த நாக்கு சும்மா இருப்பதே இல்லை என்று தெரிந்தது. வாடையில் அலை வடக்கேயிருந்து கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டு வரும். நுனி தெற்கே நீளும். கச்சானும் தென்காற்றும் அதில் கொஞ்சத்தை வடக்கே திருப்பிக் கொண்டுபோகும். எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் நிரம்பி மறுகால் போன வருடத்தில் காட்டாறு பெருகி வந்து நுனியை வெட்டிக் கடலில் தள்ளிவிட்டது. மழை இல்லாத வருடத்தில் நுனி வளர்ந்து ஆற்றின் வாயையே அடைக்கப் பார்த்தது. நாட்டரசன்கோட்டையில் தண்ணீரைத் தேக்கும்போது அது இத்தனை தூரத்தில் ஒரு மணல் நுனியைத் தொடும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. வேலாயுதம் சார் அலையைப் பார்த்துக்கொண்டு, "இவளுக்கு வீடே கிடையாதுய்யா. நடந்துக்கிட்டே இருக்கா" என்றார்.

கிளிஞ்சல் குழிகளையும் அளந்தேன். குழி இருந்த இடத்தில் கரை தாழ்ந்து அலை மேட்டின் அடியைத் தொட்டது உண்மை. ஆனால் ஒவ்வொரு வாடையிலும் குழி பெரும்பாலும் தூர்ந்துவிட்டது. தவிர, குழிகள் இருந்தது ஊருக்கு வடக்கே. உப்பு வந்தது ஊருக்கு நேரே. ஊர் சொன்னதிலும் பாதி சரி, மச்சான் சொன்னதிலும் பாதி சரி.

இதற்கு நடுவில், முதல் வருடத்திலேயே சார் ஒரு காரியம் செய்தார். மனு போட்டவர்கள் காத்திருக்கிறார்கள், அடுத்த வாடை வரப்போகிறது, சும்மா அளந்துகொண்டிருக்க முடியாது. கண்மாய்க்காரனுக்குத் தெரிந்த வைத்தியம் கண்மாய் வைத்தியம்தான். கரையில் தண்ணீர் மோதுகிற பக்கம் கல் பதிப்போம். அலைகல் என்று பெயர். அதையே ஊருக்கு நேரே கடல்பக்கம் பதிக்கச் சொன்னார். நான் நூல் பிடித்தேன். சதுரம் சதுரமாகக் கருங்கல் பதித்து, பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது. நானே இரண்டு முறை நின்று பார்த்தேன்.

வாடை முடிந்து போனபோது கல் வரிசை பல் விழுந்த வாயைப்போல இருந்தது. அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடியிலிருந்த மணலை இழுத்துக்கொண்டு போயிருந்தது. கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிட்டன. வரிசையின் இரண்டு முனையிலும் முன்பு இல்லாத பள்ளம். ஊத்தில் மறுபடியும் உப்பு. மாரியாயி குடத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். சார் கடைசியாக மிஞ்சிய கல்லைக் குடையால் தட்டிப் பார்த்தார். "நம்ம கல்லை முழுங்கிட்டு ஏப்பம்கூட விடலை பாருங்க" என்றார். பிறகு எங்கே எத்தனை கல் இறங்கியது என்று எழுதச் சொன்னார். அந்தக் குறிப்பில் "என் தீர்மானப்படி பதித்தது" என்று தன் கையால் சேர்த்துக் கையெழுத்தும் போட்டார்.

அசல் காரணம் அகப்பட்டது இரண்டாம் வருடக் கச்சானில், ஒரு மத்தியானம். மேட்டின் நிழலில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கடல்பக்கம் போகப் புறப்பட்டோம். ஊத்திலிருந்து கடற்கரைக்கு மேட்டின் குறுக்கே நேராக ஒரு பாதை உண்டு. ஊர் முழுக்க அதில்தான் நடக்கும். நாங்களும் இரண்டு வருடமாக அதில்தான் நடந்தோம். அன்று பாதையில் மணல் கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர்போல ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே மேட்டின்மேல் அடம்பங்கொடியின் இலை சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

வேலாயுதம் சார் நின்றார். மேட்டின்மேல் ஏறினார். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பார்க்காத ஒன்றை அன்று பார்த்தேன்: குடையை விரித்தார். ஒன்றும் ஆகவில்லை. விரித்த குடையோடு பாதையில் இறங்கினார். சட்டென்று குடை உட்புறம் வெளியே வரும்படி மடங்கித் திரும்பி, அவரையும் இரண்டு எட்டு இழுத்துக்கொண்டு போனது. லஸ்கர்கள் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

"எழுதுங்க."

"குடை திரும்பிச்சுன்னா சார்?"

"குடை கிடக்கட்டும். பாதை நெடுக மட்டம் எடுங்க."

எடுத்தோம். மேடு முழுவதிலும் அவ்வளவு தாழ்ந்த இடம் வேறு எங்கும் இல்லை. பாதையின் ஓரத்தில் காய்ந்த கடற்பாசி, ஊத்துக்குச் சற்று முன்புவரை கிடந்தது. வாடையில் கடல் வந்த வழி அதுதான். கச்சான் மேற்கேயிருந்து பாதை வழியே மணலை வாரிக் கடலில் போடுகிறது. வாடை கிழக்கேயிருந்து புகுந்து மிச்சத்தைச் சுரண்டுகிறது. முழுநிலவு நாளில் கடல் பொங்கினால் தயாராக ஒரு வாய்க்கால் இருக்கிறது. இத்தனை நாள் பாதையை ஏன் அளக்கவில்லை என்றால், நடந்துகொண்டிருந்ததால்தான்.

யார் போட்ட பாதை என்று விசாரித்தேன். சில வருடங்களுக்கு முன் படகுத்துறை கட்டலாமா என்று பார்க்க ஒரு அளவைக் கூட்டம் வந்ததாம். கருவி வழியே மறுபக்கம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடலிலிருந்து கழிவரை நேர்கோட்டில் கொடியையும் முள்ளையும் வெட்டி வழி திறந்திருக்கிறார்கள். அளப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். படகுத்துறை வரவில்லை. வெட்டிய வழி மட்டும் நின்றுவிட்டது. அதற்குமுன் மேட்டைச் சுற்றிக்கொண்டு போன பெண்களுக்கு அது பெரிய வரமாகிவிட்டது. அதற்குக் கவர்மெண்டு பாதை என்று பெயரே வைத்திருந்தார்கள்.

சார் ஊத்தடியில் ஊரைக் கூட்டி, பாதையை மூடி வேலி போட வேண்டும், பழையபடி சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று விளக்கினார். ஆண்கள் தலையை ஆட்டினார்கள். மாரியாயி இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே இறக்கினார்.

"தலையாட்டுறவுக யாரும் குடம் தூக்குறது இல்ல. நாங்க விடியமுன்னே படகுக்குத் தண்ணி கொண்டுபோகணும். படகு வந்தா மீன் கூடையோட இங்குட்டு வரணும். சுத்திப் போனா முள்ளு. வெயிலேறிட்டா காலு வெந்துரும். கவர்மெண்டு எங்களுக்குன்னு குடுத்தது இது ஒண்ணுதான். முன்னாடி வந்தவுக குடுத்தாக. நீக பிடுங்க வந்திருக்கீக."

"பாதையால உப்பு வருதும்மா. பாதை வேணுமா, தண்ணி வேணுமா?"

"ரெண்டும் வேணும். ஒண்ணு போதும்னா அதை நாங்களே பாத்துக்கமாட்டமா? நீக எதுக்கு ஜீப்புல வாரீக?"

சார் என் பக்கம் திரும்பி, "எழுதுங்க. ரெண்டும் வேணும்" என்றார். வேடிக்கைக்காகச் சொல்கிறார் என்று நான் பேனாவை எடுக்கவில்லை. அவர் காத்திருந்தார். எழுதினேன்.

காரைக்குடியில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது சார், "காத்துக்கு நேர் வழி வேணும். மனுசருக்கு வேண்டியதில்லையே" என்றார். அதிலிருந்து வந்ததுதான் மீதி எல்லாம். பாதை இருக்கட்டும், ஆனால் கடலிலிருந்து சாய்வாக ஏறி, நடுவில் திரும்பி, வேறு பக்கமாக இறங்கட்டும். அதில் எந்த இடத்தில் நின்றாலும் கடலும் ஊத்தும் ஒருசேரக் கண்ணில் படக்கூடாது. இரண்டும் தெரியாவிட்டால் காற்றும் நேரே போகாது.

நான் வீட்டில் உட்கார்ந்து அதற்கு ஒரு படம் போட்டேன். ஒரே அளவான வளைவுகள், ஒரே அளவான இடைவெளி. அதன்படியே போய் முளை அடித்தோம். மாரியாயி நிறைகுடத்தோடு அதில் நடந்து பார்த்தார். முதல் திருப்பத்திலேயே தண்ணீர் தளும்பிச் சீலை நனைந்தது. இரண்டாவது திருப்பத்தில் சரிவில் கால் புதைந்தது. நின்று என்னைப் பார்த்தார்.

"யாரு ஓவர்சியரய்யா இதைப் போட்டது?"

"நான்தான்."

"நல்லாத்தான் இருக்கு, வாசல்ல போடுற கோலத்துக்கு."

வேலாயுதம் சார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரிம்மா. நீங்களே நடங்க. குடம் எப்படித் திரும்பச் சொல்லுதோ அப்படித் திரும்புங்க. ஒண்ணே ஒண்ணு: கடலும் ஊத்தும் சேந்து தெரிஞ்சா சொல்லணும். அங்கருந்து திரும்ப நடக்கணும்" என்றார்.

மாரியாயி மறுபடி குடத்தை நிறைத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போய் அவர் காலடி விழுந்த இடத்தில் எல்லாம் முளை அடித்தேன். மணல் இறுகி இருந்த இடத்தில் கொஞ்ச தூரம் போனார், தொய்வான இடத்தை ஒதுக்கினார், ஒரு பழைய அடம்பங்கொடித் தூரைச் சுற்றினார். இரண்டு இடத்தில் சார் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, "தெரியுதே" என்றார். "மாமியா வீட்டுக்கு வந்த மருமகளைக்கூட இப்பிடி முன்னயும் பின்னயும் நடக்கவிட மாட்டாக" என்று சொல்லிக்கொண்டே மாரியாயி திரும்பி வந்து நடந்தார். கடற்கரையில் இறங்கியபோது குடத்தில் கழுத்துவரை தண்ணீர் இருந்தது. எனக்குப் பின்னால் முளைகள் கன்றுக்குட்டி ஓடியதுபோல வளைந்து வளைந்து நின்றன. என் அப்பா பார்த்திருந்தால் உளியை எறிந்திருப்பார். அந்த முளைகளை அப்படியே அளந்து வரைந்ததுதான் புது உதவிப் பொறியாளர் கொண்டுவந்த வரைபடத்தின் கோடு.

வேலை பெரிதில்லை. புதிய பாதையின் இரண்டு பக்கமும் பனங்கட்டை நட்டு ஓலை கட்டினோம். பழைய நேர்ப்பாதையின் குறுக்கே வரிசை வரிசையாக ஓலைவேலி. அதன் நடுவில் ஊர்ப்பெண்கள் அடம்பங்கொடியை ஒடித்து நட்டு, மீன் கழுவாத தண்ணீராகப் பார்த்து ஊற்றினார்கள். காற்று இதுவரை அள்ளிக்கொண்டு போன மணலை ஓலையடியில் கொண்டுவந்து போட ஆரம்பித்தது. ஓலை மூடிப்போனதும் அதன்மேல் இன்னொரு வரிசை கட்டினோம். ஒரு கச்சானுக்குள் பழைய பாதை இடுப்பளவுக்கு ஏறிவிட்டது.

கிளிஞ்சலைப் பற்றியும் எழுதினேன். கடல்பக்கம் தோண்டக்கூடாது, கழிக்குள் பழைய கிளிஞ்சல் படுகை இருக்கிறது, அங்கே அள்ளலாம் என்று. மச்சான் ஒரு பொங்கலிலிருந்து மறு பொங்கல்வரை என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வருவார், தங்கையோடு பேசுவார், நான் நாற்காலி மாதிரி அங்கே இருப்பேன். பிறகு ஒருநாள் தானாகவே என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "கழிக் கிளிஞ்சல் சேறுதான், கழுவணும். ஆனா சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி வருது மாப்ளே. எனக்குக் கெடுதல் பண்ணணும்னு நெனச்சு நல்லது பண்ணிப்புட்டீக" என்றார். அவர் தங்கை சிரித்துவிட்டு அவருக்கு மட்டும் இரண்டாவது காப்பி கொடுத்தாள்.

வேலி கட்டிய வருடத்து வாடை பலமாக வந்தது. காரைக்குடியிலேயே வீதியில் ஆள் நடமாட முடியாத மழை. முழுநிலவும் சேர்ந்துகொண்டது. ஆபீசில் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையில் தண்ணீர் வடிந்ததும் கிளம்பினோம். கழியில் வெள்ளம் நின்றதால் ஊர்க்காரர் ஒருவர் படகில் கொண்டுபோய் விட்டார். எங்கள் அலைகல்லில் ஒன்றுகூட மிச்சமில்லை. கண்மாய்கள் மறுகால் போய் ஆறு நாக்கின் நுனியைப் பெரிதாக வெட்டியிருந்தது. கடற்கரை பாதியாகக் குறைந்து, அலை மேட்டின் அடியைத் தின்று செங்குத்தாக நிறுத்தியிருந்தது. வேலியின் கடல்பக்க முனை பிய்ந்து தொங்கியது. நான் உள்ளே எட்டிப்பார்க்கப் பயந்து, வேலியின் கட்டைகளை எண்ணிக்கொண்டே முதல் திருப்பம்வரை போனேன். கடற்பாசி அந்தத் திருப்பத்தில் வந்து நின்றிருந்தது. அதற்கு அப்பால் மணல் காய்ந்து கிடந்தது.

ஊத்தடியில் வரிசை நின்றது. மாரியாயி எங்களைப் பார்த்துவிட்டு, முதல் நாள் போலவே ஒன்றும் பேசாமல் செம்பை நிறைத்து நீட்டினார். சார் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு வாங்கி, அதையும் நிதானமாகக் குடித்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். நானும் குடித்தேன்.

"பருப்பு வேகுதா ஆத்தா?" என்று கேட்டார் சார்.

"இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. தெரியும்."

சார் என்னைப் பார்த்து, "எழுதுங்க" என்றார்.

"எதுல சார்? லெவல் புத்தகத்துல ருசிக்குக் கட்டம் இல்லையே."

"கடைசியில ரிமார்க்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல. அது எதுக்கு இருக்கு?"

எழுதினேன். அக்கரை போயிருந்த மாரியாயியின் நாத்தனார் குடும்பம் சித்திரைக்குள் திரும்பி வந்துவிட்டது.

பிறகும் பல வருடம் ஊத்துத்திட்டுக்குப் போய் அளந்துகொண்டுதான் இருந்தோம். நாக்கு அதன் பாட்டுக்கு நீண்டது, வெட்டுப்பட்டது, கொஞ்சம் மேற்கே வளைந்தது. அதை நிறுத்த நாங்கள் முயலவில்லை. மேட்டுக்கு மணல் வந்து சேர வழிவிட்டால் போதும் என்று தெரிந்துவிட்டது. வேலாயுதம் சார் ஓய்வு பெற்றுச் சிவகங்கையில் மகன் வீட்டில் இருக்கிறார்.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் அந்தப் புது உதவிப் பொறியாளர் மறுபடி வந்தார். முகம் வெயிலில் கருத்திருந்தது. ஊத்துத்திட்டுக்குப் போயிருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டபிறகு பார்க்காமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை என்றார். மாரியாயிக்கு இப்போது தலை நரைத்துவிட்டதாம். ஊத்து வரிசை இன்னும் அவர் கையில்தானாம். நேர்ப்பாதை யோசனையைச் சொன்னதும் அந்த அம்மாள் வாக்குவாதம் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நிறைகுடத்தை இவர் தோளில் ஏற்றி, வேலிப் பாதையில் கடல்வரை போய்விட்டு, வரும்போது பழைய நேர்வழி மேட்டின்மேல் ஏறி வரச் சொல்லியிருக்கிறார்.

"போகும்போது ஒண்ணும் தெரியல சார். வரும்போது காத்துல மணல் அடிச்சுக் கண்ணைத் திறக்க முடியல. பாதித் தண்ணி என் மேலதான். ஊரே நின்னு பாத்துச்சு" என்றார். சிமெண்டு வேண்டாம், இருக்கிற வளைவிலேயே பனங்கட்டை பதித்துக் கொடுத்தால் போதும் என்று எழுதிவிட்டாராம். பிறகு பையிலிருந்து மூடி போட்ட ஒரு தூக்குவாளியை எடுத்து வைத்தார். ஓவர்சியரய்யா ருசி பார்த்துச் சொல்லட்டும் என்று மாரியாயி கொடுத்தனுப்பியது.

நான் ஒரு டம்ளர் குடித்தேன். என் மனைவியும் ஒன்று குடித்தாள். மீதியைத் தூக்குவாளியிலேயே மூடி வைத்திருக்கிறேன். காலை பஸ்ஸில் சிவகங்கைக்கு எடுத்துப்போக வேண்டும். வேலாயுதம் சார் குடித்து முடித்ததும் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் இங்கேயே எழுதிவிடுகிறேன்: நல்ல தண்ணீர்.